கர்ஜனை: தமிழில் சிங்கம் என்ன செய்யும்?

அரசியல் கூட்டச் சுவரொட்டிகளில் தவறாமல் இடம்பிடிக்கும் சொல் ‘சிம்ம கர்ஜனை’. கேட்கவும் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிம்மம், கர்ஜனை இரண்டுமே வடமொழி.

‘கர்ஜ்’ என்பது வேர். பேரொலி எழுப்புதல் என்று பொருள். வடமொழியில் இது சிங்கத்துக்கு மட்டும் உரியதல்ல, மேகத்தின் இடியோசைக்கும் இதே சொல்தான். தமிழில் இதைக் கர்ச்சனை என்றும் கருச்சனை என்றும் எழுதினார்கள். நடுவில் ‘ரு’ ஏன் வந்தது? சொல்லின் முதலில் வரும் தனிக்குறிலை அடுத்து ‘ர்’ ஒற்றாக நிற்காது என்பது தொல்காப்பியம் சொல்லும் விதி. தர்மம் தருமமானதும், கர்மம் கருமமானதும் இதே வழியில்தான்.

சரி, இதற்குத் தமிழ்ச்சொல்? முழக்கம். யாரும் புதிதாக உட்கார்ந்து ஆக்கிய சொல் இல்லை. திருப்பாவையின் 23ஆம் பாசுரத்தைப் பாருங்கள். மழைக்காலத்தில் மலைக்குகைக்குள் உறங்கிக் கிடந்த சிங்கம் விழிக்கிறது. கண்ணில் தீப்பொறி. பிடரி மயிர் சிலிர்க்க, உடம்பை நாலாபுறமும் அசைத்து உதறிக்கொண்டு, ‘மூரி நிமிர்ந்து முழங்கிப் புறப்பட்டு’ வருகிறது. சோம்பல் முறித்து எழும் விலங்கை இவ்வளவு கிட்டத்தில் காட்டிய ஆண்டாள், அதன் குரலுக்கு எடுத்த சொல் முழங்குதல். மரபுச்சொல் பாடத்திலும் ‘சிங்கம் முழங்கும்’ என்று படித்திருப்போம்.

இடி முழங்கும், கடல் முழங்கும், முரசு முழங்கும். தொலைவு கடந்து அதிர்ந்து வரும் ஒலிக்கெல்லாம் தமிழில் இந்த வினைதான். சிங்கத்தின் குரல் 8 கிலோமீட்டர் வரை கேட்கக்கூடியது என்பதால், அதற்கு இது முழுக்கப் பொருந்துகிறது. உறுமல் வேறு: அது தொண்டைக்குள்ளேயே அடங்கி வரும் எச்சரிக்கை ஒலி. இரண்டையும் மாற்றி எழுதினால் காட்சியே மாறிவிடும்.

இன்று முழக்கம் என்றதும் ஊர்வலத்தில் எழுப்பும் கோஷம்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. விலங்குக்கு அந்தச் சொல்லைப் போடத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தயங்கவே வேண்டாம். ‘சிங்கம் கர்ஜித்தது’ என்பதைச் ‘சிங்கம் முழங்கியது’ என்று தாராளமாக எழுதலாம். சிம்ம கர்ஜனைக்கு ‘அரிமா முழக்கம்’ இருக்கிறது. சுவரொட்டியிலும் எடுப்பாகவே இருக்கும்.