75 என்ற எண்: உப்புக் காற்றில் ஏடுகளைக் காத்தல்

ஐப்பசி பிறந்து வாடைக் காற்று வீசத் தொடங்கியதும் பாம்பன், மண்டபம் பக்கத்து அடுப்படிகளில் ஜாடியிலிருக்கும் கல் உப்பு கசியும். அடியில் நீர் கட்டும். அதே கசிவு அந்த ஊர்களின் நூலக அலமாரிகளிலும் நடக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றிலேயே காய்ந்து உப்புத் துகளாகின்றன. தூசியோடு தூசியாகப் புத்தகங்களின் மேல்விளிம்பில் வந்து படிகின்றன. இந்தக் கரையில் தாள் ஏன் கெடுகிறது என்பதை அங்கிருந்துதான் பார்க்க வேண்டும்.

சுத்தமான சோடியம் குளோரைடுக்கு ஓர் எல்லை உண்டு. காற்றின் ஒப்பு ஈரப்பதம், அதாவது காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு அதில் இருக்கிறது என்ற அளவு, 75 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அது உலர்ந்த படிகம். அதைத் தாண்டினால் காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு எல்லை ஏறத்தாழ 33 சதவீதம்தான். அதனால்தான் நம் தூசி சித்திரை வெயிலிலும் முழுதாகக் காய்வதில்லை. பூஞ்சை வித்துக்கும் இதே எண் முக்கியம். 65 சதவீதத்துக்குக் கீழே அது பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். 75-ஐத் தாண்டி ஈரம் நின்றால் முளைத்துப் பரவும்.

தாள், ஓலை, தோல், படச்சுருள் ஆகியவற்றைக் காப்பது பற்றி உலக அளவில் நல்ல கையேடுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான இஃப்லா 1984-இல் இதற்கென்றே தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ரோமிலிருந்து இயங்கும், பண்பாட்டுச் செல்வங்களைக் காப்பதற்கான ஐக்ரோம் அமைப்பை உருவாக்கும் முடிவு, 1956-இல் புது தில்லியில் கூடிய யுனெஸ்கோ மாநாட்டில் எடுக்கப்பட்டது. கனடாவின் பண்பாட்டுப் பொருள் பாதுகாப்பு நிறுவனம் சிறு குறிப்புகளாக எழுதி வைத்திருப்பவை நடைமுறைக்கு மிக நெருக்கமானவை. ஆனால் இவற்றில் பழையவை பல குளிர்நாட்டுக் கட்டடங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 20 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரம் என்ற பழைய இலக்கைத் தொண்டியிலோ தேவிபட்டினத்திலோ ஓட்டுக் கட்டடத்தில் எட்ட முயல்வது பணத்தை வீணாக்கும், பல சமயம் ஏட்டையும் கெடுக்கும். உள்ளூர்த் தட்பவெப்பத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2014-இல் உலகக் கலைப்பொருள் பாதுகாப்பாளர் அமைப்புகளே அறிவித்துவிட்டன. நமக்கான முதல் இலக்கு 50 அல்ல. ஆண்டு முழுவதும் 65-க்குக் கீழே நிற்பதே நமக்குப் பெரிய வெற்றி.

அளக்காமல் எதுவும் தொடங்க முடியாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரமானி போதும். ஆனால் அது பொய் சொல்லும். அதைச் சரிபார்க்கும் கருவியும் உப்புதான். ஒரு பாட்டில் மூடியில் ஒரு தேக்கரண்டி தூள் உப்பைப் போட்டு, ஈர மணல் பதம் வரும்வரை சொட்டுச் சொட்டாக நீர் விடுங்கள். உப்பு முழுதும் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் ஈரமானியையும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் வைத்து மூடி, வெயில் படாத இடத்தில் எட்டு மணி நேரம் விடுங்கள். உள்ளே காற்று 75 சதவீதத்தில் நிலைக்கும். மானி 81 காட்டினால், இனி அது காட்டுவதிலிருந்து 6-ஐக் கழித்துப் படியுங்கள். வாலிநோக்கம் உப்பளத்துக் கல் உப்பை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்; அதிலுள்ள மக்னீசியம் அளவைக் கீழே இழுத்துவிடும்.

அடுத்து ஏசி. பகலில் ஓட்டி மாலையில் நிறுத்தும் ஏசியைவிட, ஏசியே இல்லாத அறை மேல். வெளியே 30 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் விடும். பகலெல்லாம் 23 டிகிரியில் இருந்த இரும்பு பீரோவின் மேல், ஏசியை நிறுத்திச் சன்னலைத் திறந்ததும் முத்து முத்தாக வியர்க்கும். பீரோவுக்குள் கட்டுகள் இரவு முழுதும் ஈரத்தில் கிடக்கும். இப்படி நாள்தோறும் நனைந்து காயும் தாளில்தான் பூஞ்சையும் துருவும் கை கோத்துக்கொள்கின்றன. நாள் முழுதும் ஓட்ட வழியில்லையென்றால் ஏசியை விட்டுவிட்டு மின்விசிறியை ஓட்டுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து ஐந்து சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். கடைசித் தட்டு தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். அசையும் காற்றில் பூஞ்சை எளிதில் பிடிப்பதில்லை.

எந்தச் சன்னலை எப்போது மூடுவது என்பதை மீனவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காலத்தில் தென்கடல். கொந்தளிக்கும் கடலின் பக்கத்துச் சன்னல்தான் உப்பைக் கொண்டுவரும்.

படிந்த உப்பை நீக்கும்போது பலர் செய்யும் தவறு ஈரத்துணி. துணியின் நீர் உப்பைக் கரைத்துத் தாளின் இழைகளுக்குள் அனுப்பிவிடும். புத்தகத்தை இறுக மூடிப் பிடித்துக்கொண்டு, மேல்விளிம்பை முதுகிலிருந்து வெளிப்புறமாக மென்மையான உலர்ந்த தூரிகையால் துடைக்க வேண்டும். பூஞ்சை இருந்தால் என்-95 முகக்கவசம் போட்டுக்கொண்டு திறந்த வெளியில் செய்யுங்கள்.

கோப்புகளில் குண்டூசி, ஜெம் கிளிப், ஸ்டேப்ளர் பின் இவைதான் உப்பின் முதல் இரை. குளோரைடு பட்ட இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். துருவிலிருந்து இறங்கும் இரும்பு அயனிகள், தாளின் இழையை ஆக்கும் செல்லுலோஸ் சங்கிலிகள் அறுபடுவதை விரைவுபடுத்தும். பழுப்புக் கறை சில ஆண்டுகளில் ஓட்டையாவது இதனால்தான். பின்னைப் பிடுங்காதீர்கள், துரு தாளோடு ஒட்டியிருக்கும், தாளும் கூடவே வரும். தாளைக் கவிழ்த்து, மெல்லிய தகட்டால் பின்னின் இரு கால்களையும் நிமிர்த்தி, பிறகு முன்பக்கமிருந்து மெதுவாக எடுங்கள். மீண்டும் கோக்க வெள்ளைப் பருத்தி நூல் போதும். கட்டுவதற்குக் காடாத் துணியைக் கஞ்சி போகத் துவைத்துப் பயன்படுத்துங்கள். கஞ்சி பூச்சிக்குத் தீனி. சிவப்புத் துணி நனைந்தால் சாயம் இறங்கி எழுத்தைக் கெடுக்கும்.

பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு நிம்மதி அடைபவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 80 சதவீத ஈரத்தில் இருந்த ஒரு கிலோ தாள் 50 சதவீதத்துக்கு இறங்கும்போது ஏறத்தாழ 40 கிராம் நீரை விடும். ஜெல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீரைப் பிடிக்கும் என்று கொண்டால், ஒரு கிலோ தாளுக்கு 200 கிராம் ஜெல் வேண்டும். ஐந்து கிராம் பொட்டலம் எதற்கும் ஆகாது. மூடி இறுகாத பெட்டியில் எத்தனை கிலோ போட்டாலும் வீண்.

பனையோலைச் சுவடிக்கு வேறு கணக்கு. அதற்குச் செய்தித்தாளைப் போல் அமிலச் சிக்கல் இல்லை. மிகை வறட்சியில் வெடிக்கும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். தூசி தட்டிய ஓலையில் எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மிக மெல்லிதாகத் தடவும் வழக்கம் உண்டு. அளவு மிஞ்சினால் ஓலை பிசுபிசுத்து உப்புத் தூசியையே சேர்க்கும். கயிற்றை இறுக்கினால் துளையோரம் கிழியும். கீழக்கரை வீடுகளில் உள்ள அரபுத்தமிழ் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) கையெழுத்துத் தாள் ஏடுகளுக்கு இந்த எண்ணெய் கூடவே கூடாது. தாள் எண்ணெயைக் குடித்துக் கறைபடும். இப்படிப்பட்ட தனியார் சேமிப்புகளை மின்படமாக்க, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுறு ஆவணத் திட்டம் 2004 முதல் நிதி தந்து வருகிறது. மூல ஏடு நாட்டை விட்டு வெளியே போகாது என்பது அதன் விதி. கொடுக்கத் தயங்கும் குடும்பங்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஏட்டைத் துளைக்கும் ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போடுவது வீண். அதன் ஆவி மனிதருக்கும் கேடு. பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் சாகும். வீட்டு உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு 24 மணி நேரம் பையைத் திறக்காதீர்கள். இல்லையேல் குளிர்ந்த தாளின் மேல் காற்றின் ஈரம் படியும்.

உறைகுளிரின் பெரிய பயன் புயலுக்குப் பிறகுதான். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் கடல் ஏறியது போல எங்கும் ஏறலாம். நனைந்த தாளில் 48 மணி நேரத்தில் பூஞ்சை முளைக்கத் தொடங்கும். ஆயிரம் புத்தகங்களை அதற்குள் காயவைக்க யாராலும் முடியாது. 1966-இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸில் உள்ள தேசிய மைய நூலகத்தை வெள்ளம் மூழ்கடித்த பின்னர்தான் இந்தத் துறை முறையாக வளர்ந்தது. உறையவைத்தால் காலம் நின்றுவிடும் என்பது இன்று எல்லாக் கையேடுகளிலும் உள்ள பாடம். ஐஸ் கட்டி போதாது. அது பூஜ்ஜியத்தில் நிற்கும், சில மணி நேரம்தான் வாங்கித் தரும். இறால், மீன் ஏற்றுமதிக் குளிர்கிடங்குகள் மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழோ இயங்குபவை. அவர்களிடம் ஆவணியிலேயே பேசி வைக்க வேண்டும்.

கடல்நீரில் நனைந்த புத்தகத்தை அப்படியே உறையவைத்தால் உப்பு உள்ளேயே தங்கிவிடும். எழுத்து கரையாத மையா என்று ஓர் ஓரத்தில் ஈரப் பஞ்சை ஒற்றிப் பாருங்கள். கரையவில்லையென்றால் புத்தகத்தை மூடியபடியே நல்ல தண்ணீர்த் தொட்டிகள் மூன்று நான்கில் மாறி மாறி முக்கி எடுங்கள். மை கரையும் கையெழுத்து ஏடுகளைக் கழுவ வேண்டாம், நேரே பைக்குள் போடுங்கள். வழவழப்பான ஆர்ட் பேப்பர் நூல்களுக்கு முதல் இடம். அவை பாதி காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிக் கட்டையாகிவிடும். ஒவ்வொன்றையும் தனிப் பையில் முதுகு கீழாக மீன் பெட்டியில் ஒற்றை வரிசையாக அடுக்குங்கள். பிறகு நாளுக்குப் பத்துப் பதினைந்து நூல்களாக எடுத்து, இருபது தாளுக்கு ஒன்றாக அச்சிடாத செய்தித்தாளைச் செருகி மின்விசிறியின் கீழ் நிறுத்தி, செருகிய தாள் நனைய நனைய மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.