கேரவனில் வீட்டு ஃபிரிட்ஜா? கிளம்பும் முன் ஒரு ராத்திரி ஓட்டிப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறேன். ஜூலை பள்ளி விடுமுறையில் இந்த போன் தவறாமல் வரும்: "அண்ணா, கேரவன்ல வீட்டு ஃபிரிட்ஜ் வச்சோம், முதல் ராத்திரியே நின்னுபோச்சு." 2023 மின்வெட்டில் வாங்கிய இன்வெர்ட்டர் வீட்டில் சும்மா கிடக்கிறது. அதைக் கேரவனில் மாட்டினால் ட்ராக்கன்ஸ்பெர்க் மலை அடிவாரத்தில் மின்சாரமே இல்லாத இடத்திலும் சமாளித்துவிடலாம் என்று நம்புகிறார்கள்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு குடும்பத்துக்கு நடந்தது இதுதான். ஃபிரிட்ஜில் அம்மாவின் இன்சுலின். "ஃபிரிட்ஜ் 120 வாட், இன்வெர்ட்டர் 1000 வாட், போதாதா?" என்று மகன் கேட்டார். கம்ப்ரஸர் கிளம்பும் அந்த அரை நொடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். 12 வோல்ட் பேட்டரிக்கு அது ஏறக்குறைய 70 ஆம்பியர். அவர்கள் பேட்டரி முன்பக்கம், இன்வெர்ட்டர் பின்பக்கம். நடுவே நாலு மீட்டருக்கு 6 சதுர மில்லிமீட்டர் வயர். அந்த வயரிலேயே ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் போய்விடுகிறது. மிச்ச வோல்ட் போதாமல் இன்வெர்ட்டர் தானாக அணைந்துவிடும். என் முன்னாலேயே ஓட்டிக் காட்டினார்கள்: 'டக்'கென்று கம்ப்ரஸர், கீச்சென்று இன்வெர்ட்டர், அப்புறம் ஒன்றுமில்லை.

இன்வெர்ட்டரைப் பேட்டரிப் பெட்டியை ஒட்டி வெளியே நகர்த்தினேன். 35 சதுர மில்லிமீட்டர் கேபிள், ஒரே மீட்டர். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். அது அவர்களிடம் இல்லவே இல்லை. தயவுசெய்து ஃபியூஸ் இல்லாமல் ஓட்டாதீர்கள். கேபிள் எங்காவது உரசி ஷார்ட் ஆனால், நீங்கள் தூங்கும் கேரவன்தான் எரியும்.

சரி, ஃபிரிட்ஜ் கிளம்பிவிட்டது. விடியும் வரை ஓடுமா? அந்த ஃபிரிட்ஜ் என் மீட்டரில் ஒரு நாளைக்கு 0.9 யூனிட் காட்டியது. இன்வெர்ட்டர் சும்மா விழித்திருக்கவே 15 வாட் தின்னும். 24 மணி நேரத்துக்கு 0.36 யூனிட். இதை யாருமே கணக்கில் சேர்ப்பதில்லை. 100 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 0.6 யூனிட். அரை நாள்கூடத் தாங்காது. 200 ஆம்பியர்-அவர் லித்தியம் இருந்தால் நிம்மதி. கூடவே 200 வாட் பேனல் இரண்டு.

பேனலை வடக்கே பார்த்துச் சாயுங்கள். தமிழ்நாட்டு வீடியோக்களில் தெற்கு என்பார்கள். நமக்கு ஜூலையில் சூரியன் வடக்கே தாழ்வாக நிற்கும்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, வீட்டு வாசலிலேயே கேரவனின் மெயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபிரிட்ஜை நிரப்பி ஒரு முழு ராத்திரி ஓட்டுங்கள். நின்றுபோனால் உடனே திரும்பப் போடாதீர்கள், ஐந்து நிமிடம் விடுங்கள். உள்ளே அழுத்தம் சமமாகாமல் கம்ப்ரஸர் கிளம்பத் திணறும். காலையில் கேபிள் முனைகளுக்குப் பக்கத்தில் உறையைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் இணைப்பு சரியில்லை.

இன்சுலின் கொண்டுபோகிறவர்கள் உள்ளே ஒரு சின்ன தெர்மாமீட்டர் வையுங்கள். பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். ஃப்ரீசரை ஒட்டி வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்தால் அதைப் போடக்கூடாது.