உரிந்த பெயின்ட்டும் துருக்கறையும்: பாழடைந்த கட்டடங்களைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு

பழைய கட்டடங்களை இடிப்பதற்கோ புதுப்பிப்பதற்கோ முன்னால் உள்ளே போய் ஆய்வு செய்வது என் தொழில். கேமராவோடு வருகிறவர்கள் தேடும் மூலைகளில்தான் நானும் நிற்கிறேன். சுருண்டு உரிந்த பெயின்ட், கூரை ஓட்டை வழியாகச் சாய்ந்து விழும் வெயில், பல கைகள் பட்டுக் கறுத்துப்போன சுவிட்சுப் பலகை, இயந்திரம் நின்ற இடத்தில் மிச்சமிருக்கும் எண்ணெய்க் கறை. ஆட்கள் போய்விட்டார்கள், அவர்கள் வேலை செய்த தடம் மட்டும் போகவில்லை. இதை எந்த ஸ்டுடியோவிலும் ஜோடித்துவிட முடியாது. ஆனால் படத்துக்கு எது அழகோ, பெரும்பாலும் அதுதான் எங்கள் அறிக்கையில் ஆபத்தின் அறிகுறியாக இடம்பெறும்.

கூரையின் அடிப்பக்கம் கோடு கோடாக ஓடும் செம்பழுப்புக் கறையைப் பாருங்கள். கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளிருக்கும் கம்பியைக் காக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வருடக்கணக்கில் உள்ளே இறங்க இறங்க அந்தக் காரம் குறையும். ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும் என்பதால் அது கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளும். கறை கம்பியின் நெடுக ஓடினால் அதற்கு அடியில் டிரைபாடை விரிக்காதீர்கள். மேல்தளத்தில் ஏறியும் நிற்காதீர்கள்.

தேங்கிய நீரில் ஜன்னல்கள் தலைகீழாகத் தெரியும் படம் யாருக்குத்தான் பிடிக்காது? ஆலைத் தரையில் இயந்திரக் குழிகளும் கேபிள் போகும் வாய்க்கால்களும் இருக்கும். ஆலை பூட்டப்பட்ட கொஞ்ச நாளில் அவற்றின் இரும்பு மூடிகள் காணாமல் போய்விடும். பழைய இரும்புக்கு விலை உண்டே. அப்புறம் மழைநீர் நிரம்பிவிட்டால், விரலளவு தண்ணீரும் இரண்டு ஆள் ஆழமும் பார்வைக்கு ஒன்றுதான். கம்பு விட்டுப் பார்க்காமல் கால் வைக்க வேண்டாம். கேமராவில் கண்ணை வைத்தபடி பின்னோக்கி நடக்கவே கூடாது.

வெயில் கற்றை அவ்வளவு தெளிவாகத் தெரிவதற்குக் காரணம் காற்றில் மிதக்கும் தூசி. கற்றை இன்னும் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று தரையைக் காலால் கிளறிவிடுகிறவர்களும் உண்டு. அதில் என்னவெல்லாம் இருக்கும் தெரியுமா? பழைய பெயின்ட்டின் ஈயம், வௌவால் எச்சத்தில் வளரும் பூஞ்சை, நீராவிக் குழாய்களைச் சுற்றியிருந்த ஆஸ்பெஸ்டாஸ் நார். ஆஸ்பெஸ்டாஸால் வரும் புற்றுநோய் தலைகாட்ட 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகலாம். துணி முகக்கவசம் இதற்குப் போதாது.

மூடிக் கிடக்கும் இரும்புத் தொட்டிக்குள் இறங்குவது வேண்டவே வேண்டாம். உட்சுவர் துருப்பிடிக்கும்போதே உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். எந்த வாடையும் உங்களை எச்சரிக்காது.

மருத்துவமனைகள் தனி ரகம். 1987இல் பிரேசிலின் கோயானியா நகரில், காலி செய்யப்பட்ட கதிர்வீச்சுச் சிகிச்சை நிலையத்தில் விடப்பட்டிருந்த கருவியை இருவர் பழைய இரும்புக்காகக் கழற்றி எடுத்துப் போனார்கள். உள்ளே இருந்தது சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள். அதை வாங்கிய பழைய இரும்புக் கடைக்காரர், இருட்டில் நீலமாக ஒளிர்ந்த அந்தப் பொடியை வியந்து பார்த்து, சொந்தக்காரர்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்தார். 4 பேர் இறந்தார்கள். 249 பேரிடம் கதிரியக்க மாசு கண்டறியப்பட்டது. எனவே உள்ளே எதையும் தொடாதீர்கள், திறக்காதீர்கள். சிதறிக் கிடக்கும் நோயாளிக் கோப்புகளைப் பெயர் தெரியப் படமெடுத்து வெளியிடுவதும் தவறு, அது எவ்வளவு பழையதானாலும்.

அனுமதி கேட்டால் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு பலர் வேலியேறிக் குதிக்கிறார்கள். உரிமையாளரிடம் கேட்டுப் போனால் பழைய வரைபடத்தையும், எந்தப் பக்கம் போகக்கூடாது என்று சொல்ல ஒரு ஆளையும் கேட்டு வாங்க முடியும். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்து சோல்ஃபரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986இல் மூடப்பட்டு, 2001இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. இன்று முன்வாசல் வழியாகவே போய்ப் படமெடுக்கலாம். ஜப்பானின் ஹாஷிமா தீவில் 1974இல் சுரங்கத்தை மூடினார்கள். 2009இல் பார்வையாளர்களுக்குத் திறந்தபோதும் குறிப்பிட்ட நடைபாதையைத் தாண்ட விடவில்லை. 1916இல் கட்டிய கான்கிரீட் அடுக்குமாடி அங்கே உப்புக்காற்றில் கம்பி தெரிய உதிர்ந்துகொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் நீளமான லென்ஸ் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.