பெட்ரோல் மேல் மிதக்கும் தண்ணீர்

காரைக்குடி செக்காலை ரோட்டிலிருந்து திரும்பும் சந்து ஒன்றில் தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப். உள்ளே பழைய மாருதி 800 ஒன்று தோலுரித்த மாதிரி நின்றது. பின் சீட் இல்லை, கதவில் அட்டை இல்லை. கூரைக்குக் கீழே இரும்புக் குழாயில் கூண்டு மட்டும். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்காகத் தயாராகிற வண்டி. நான் போன அன்று டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு சிவப்பு சிலிண்டரை வைத்து அளவெடுத்துக் கொண்டிருந்தார்கள். பெரிய ஃபிளாஸ்க் அளவுதான் இருக்கும். உள்ளே இரண்டேகால் லிட்டர் தீயணைப்பு மருந்து.

“இத்தினியூண்டு பாட்டில் கார் தீயை அணைச்சிருமாண்ணே?”

மெக்கானிக் அண்ணன் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “வண்டியக் காப்பாத்துறதுக்கு இல்ல தம்பி. உள்ள இருக்கவன் பெல்ட்டக் கழட்டி வெளிய வர்ற வரைக்கும் தாக்குப்பிடிச்சா போதும்.”

2020 பஹ்ரைன் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டுநர் ரொமெய்ன் குரோஜான் தீக்குள்ளிருந்து வெளியே வர 28 விநாடி போலப் பிடித்தது. நெருப்புத் தாங்கும் உடை அவரைக் காப்பாற்றியது. சின்னக் கார்ப் பந்தயத்திலும் கணக்கு அதே விநாடிகளில்தான்.

முதலில் எதிராளியைப் பார்ப்போம். பெட்ரோல் மைனஸ் 43 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். நம்மூர் சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். பந்தயத்தில் செக்கச் சிவந்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு 600 டிகிரியைத் தாண்டி நிற்கும். அதன் மேல் வெடித்த ஹோஸ் ஒன்று பெட்ரோலைப் பீய்ச்சினால் தீப்பொறிகூடத் தேவைப்படாமல் போகலாம்.

சரி, தண்ணீர் ஊற்றினால்? தண்ணீர் கனம், பெட்ரோல் லேசு. ஊற்றிய தண்ணீர் அடியில் போய்விடும். எரிகிற பெட்ரோல் அதன் மேலேறி மிதந்து, ஓடுகிற இடமெல்லாம் தீயைக் கொண்டுபோகும். வீட்டில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் ஆச்சிமார் அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டைப் போட்டு மூடுவார்களே, அதுதான் சரியான வழி. ஆனால் ஓடுகிற காரின் எஞ்சினுக்கு எந்தத் தட்டைப் போட்டு மூடுவது?

சிலிண்டருக்குள் இருப்பது அந்தத் தட்டுதான், திரவ வடிவில். ஏ.எஃப்.எஃப்.எஃப் என்று பெயர். 1960-களில் அமெரிக்கக் கடற்படைக்காக உருவான நுரை மருந்து. பெரும்பகுதி தண்ணீரேதான். அப்படியிருந்தும் பெட்ரோலின் மேல் ஏறி மெல்லிய படலமாகப் பரவுகிறது. எப்படி என்பதை அடுப்படியிலேயே பார்க்கலாம். தட்டில் தண்ணீர் ஊற்றி மிளகுப்பொடி தூவுங்கள். நடுவில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விடுங்கள். மிளகு விருட்டென்று ஓரத்துக்கு ஓடும். உண்மையில் ஓடியது மிளகல்ல, தண்ணீரின் மேற்பரப்பு. பரப்பு இழுவிசை அதிகமான திரவம் தன் பக்கம் இழுக்க, குறைவானது அதன் மேல் விரிந்துகொள்கிறது.

இதே விளையாட்டுத்தான் பெட்ரோல் மேலும். அலகை விடுங்கள், ஒப்பீட்டுக்கு மட்டும்: தண்ணீரின் பரப்பு இழுவிசை 72, பெட்ரோல் 21 வாக்கில். சாதாரண சோப்புத் தண்ணீர் 25, 30 வரைதான் இறங்கும், பெட்ரோலிடம் தோற்றுவிடும். ஃப்ளோரின் சேர்ந்த சோப்பு மூலக்கூறுகள்தான் அதை 16, 17 வரை இறக்குகின்றன. பெட்ரோலின் 21-க்குக் கீழே எண் இறங்கியதும் தண்ணீர் அதன் மேல் பரவத் தொடங்குகிறது. படலம் ஆவியை அடக்குகிறது, மேலே நிற்கும் நுரை காற்றைத் தடுக்கிறது, தண்ணீர் சூட்டை இறக்குகிறது. ஒரு குறையும் உண்டு: அந்த ஃப்ளோரின் சேர்மங்கள் மண்ணில் எளிதில் சிதையாதவை. அதனால் ஃப்ளோரின் இல்லாத நுரைகளுக்கு உலகம் மெல்ல மாறி வருகிறது.

மருந்தைவிட அன்று அதிக நேரம் பிடித்தது அதைக் கட்டி வைக்கும் வேலை. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ விதிப்படி சிலிண்டரைப் பிடிக்கும் பட்டைகள் உலோகமாக இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு. 25 ஜி வேகத்தணிவை, அதாவது சிலிண்டர் எடையைப் போல் 25 மடங்கு இழுப்பைத் தாங்க வேண்டும். மருந்தோடு சிலிண்டர் ஐந்து கிலோ என்று வையுங்கள். மோதுகிற நொடியில் அது 125 கிலோ கனத்தோடு முன்னால் பாயும், அதாவது ஐந்து அரிசிச் சிப்பம். யாரோ முதலில் கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் டையை அண்ணன் ஜன்னல் வழியே வெளியே எறிந்தார்.

சிலிண்டரிலிருந்து கிளம்பும் அலுமினியக் குழாய் இரண்டாகப் பிரிகிறது; ஒன்று எஞ்சின் அறைக்கு, ஒன்று ஓட்டுநர் இருக்கும் இடத்துக்கு. குழாயை வளைக்கும்போது நசுங்கினால் அந்தப் பக்கம் மருந்து போகாது. ஆவி கீழே தேங்கும் என்று பார்த்தோமல்லவா, எஞ்சின் அறையில் மருந்தைப் பீய்ச்சும் நாசில்களில் ஒன்று கார்புரேட்டரையும் இன்னொன்று அதற்குக் கீழேயும் பார்த்தன. உள்ளே இருப்பது ஓட்டுநர் முகத்தைப் பார்க்கக் கூடாது. கால், மடி பக்கம் திரும்பியிருந்தது. எஞ்சினுக்கும் அவருக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் பழைய ஒயர்களுக்குப் போட்ட ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். எனக்கு இதுதான் மொத்த வேலையிலும் முக்கியமாகப் பட்டது. ஓட்டை திறந்திருந்தால் சிலிண்டர் எத்தனை லிட்டராக இருந்து என்ன பயன்?

இயக்குவது இரண்டு கைப்பிடிகள். ஒன்று, பெல்ட் போட்டு உட்கார்ந்தபடியே ஓட்டுநருக்கு எட்ட வேண்டும். மற்றது வெளியே, பந்தயத் தடத்தில் உதவிக்கு நிற்கும் மார்ஷலுக்கு. சிவப்பு விளிம்புள்ள வெள்ளை வட்டத்துக்குள் சிவப்பில் ஆங்கில ‘இ’ எழுத்து. பக்கத்திலேயே பேட்டரி கட்-ஆஃப். பெட்ரோல் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால் நுரை தோற்கும்.

சிலிண்டர் தலையில் மாட்டாமல் கேபிளை மட்டும் இழுத்துச் சோதித்தார்கள். முதல் இழுப்பில் அசையவே இல்லை. கூண்டுக் குழாயைச் சுற்றி வந்த இடத்தில் கேபிள் முறுக்குச் சுற்றியது போல இறுக்கமாக வளைந்திருந்தது. பெரிய வளைவாக மாற்றிக் கட்டியதும் ஒரு விரலில் வந்தது. “தீப்பிடிச்சப்புறம் இது தெரிஞ்சிருந்தா?” என்றான் ஓட்டப்போகிற பையன். யாரும் பதில் சொல்லவில்லை.

இடையில் பேச்சு மின்சாரக் காருக்குப் போனது. மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி இருக்கிற ஊராயிற்றே, பேட்டரிப் பேச்சு வராமல் இருக்காது. லித்தியம் பேட்டரி தீயில் இந்த நுரைக்குப் பெரிய வேலை இல்லை. சூடேறிய பேட்டரி தன் உள்ளிருந்தே ஆக்சிஜனை விடும் என்பதால் மேலே மூடி பலனில்லை. குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கிளம்பும்போது கடைசி வேலை நடந்தது. சிலிண்டர் தலையில் ஒரு பாதுகாப்பு ஊசி இருக்கும். வண்டியை ஏற்றி இறக்கும்போது தவறி இழுபடாமல் இருக்க. பந்தயத்துக்கு முன் அதை உருவ வேண்டும். மறந்தால் உள்ளே இருப்பது வெறும் ஐந்து கிலோ சுமை. அண்ணன் அந்த ஊசியில் சிவப்பு ரிப்பன் கட்டி, மறுமுனையை இக்னிஷன் சாவி வளையத்தில் முடிந்தார். ரிப்பன் நீளம் குறைவு. ஊசியை உருவினால்தான் சாவி டேஷ்போர்டு வரை எட்டும்.