கடவுச்சொல்லில் இருக்கிற ‘கடவு’

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் ஓர் அத்தை இருக்கிறார். சொந்தம் எதுவும் இல்லை, தெருவே அவரை அத்தை என்றுதான் கூப்பிடும். வீட்டுக்காரர் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கியவர். அவர் போன பிறகு குடும்பப் பென்ஷன் அத்தைக்கு வருகிறது. அது சம்பந்தமான கடிதமெல்லாம் மின்னஞ்சலில்தான். ஒரு நாள் காலை போனும் கையுமாக வாசலில் வந்து நின்றார். “தம்பி, என் மோ த பாஸ்ஸ எவனோ தெரிஞ்சிக்கினான்.” பாஸ்வேர்டைப் பிரெஞ்சில் சொல்கிறார்.

ராத்திரி இரண்டு மணிக்குப் புதிய சாதனம் ஒன்றிலிருந்து அவர் கணக்குக்குள் யாரோ வந்ததாக எச்சரிக்கை. அந்த நேரத்தில் அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். எச்சரிக்கை மடலில் இருந்த இணைப்பைத் தொடாமல், கணக்கின் அமைப்புப் பக்கத்தை நானே தனியாகத் திறந்து தமிழுக்கு மாற்றிக் கொடுத்தேன். அப்படி வரும் மடலே போலியாக இருப்பதுண்டு. அதில் ‘கடவுச்சொல்’ என்றிருந்ததை அத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். “கடவுள் சொல்லா?”

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஆனால் கேள்வி அப்படி ஒன்றும் தப்பில்லை. இரண்டுமே ‘கட’ என்ற வேரில் வந்தவை என்பதுதான் பலரும் சொல்லும் விளக்கம். எல்லாவற்றையும் கடந்தவர் கடவுள். கடப்பதற்கான வழி கடவு. வேலிக்கு நடுவே ஆள் மட்டும் தாண்டிப் போக விடும் இடம் கடவை. இலங்கைத் தமிழர்கள் இந்தச் சொல்லை இன்றும் தினமும் புழங்குகிறார்கள்: ரயில்வே கேட் அவர்களுக்குப் புகையிரதக் கடவை, சாலையில் நாம் ஜீப்ரா கிராசிங் என்பது பாதசாரிக் கடவை. மலையாளத்தில் கடவு என்றால் ஆற்றைத் தாண்டுகிற துறை. நம் பக்கம் கடத்தல் என்ற சொல் மட்டும் நன்றாகத் தங்கிவிட்டது, அதுவும் கெட்ட பெயரோடு.

பாஸ்போர்ட்டுக்குக் கடவுச்சீட்டு, பாஸ்வேர்டுக்குக் கடவுச்சொல். இரண்டிலும் இருக்கும் ‘பாஸ்’ லத்தீனில் காலடியைக் குறித்த சொல்லில் இருந்து கிளைத்தது. எட்டு வைத்து அப்பால் போவது. அத்தை சொல்லும் ‘மோ த பாஸ்’ஸும் அதேதான்: ‘மோ’ சொல், ‘பாஸ்’ கடவு. ஆக, அத்தைக்குத் தமிழ்ச் சொல்லின் பொருள் முன்பே தெரியும், பிரெஞ்சில்.

சொல்லைக் கேட்டு ஆளை விடுவது கம்ப்யூட்டர் கண்டுபிடித்த வேலை அல்ல. பைபிளில் நியாயாதிபதிகள் ஆகமத்தில் ஒரு காட்சி. யோர்தான் ஆற்றுத் துறையைக் காத்து நிற்பவர்கள், தாண்ட வருகிறவனை ‘ஷிபோலேத்’ என்று சொல்லச் சொல்வார்கள். ‘சிபோலேத்’ என்று வாய் குளறினால் எதிரி, அங்கேயே வெட்டு. சொல்லும் கடவும் ஒரே இடத்தில் நிற்கும் காட்சி இதைவிடப் பொருத்தமாகக் கிடைக்காது. ரோமானியப் பட்டாளத்தில் இரவுக் காவலுக்கான சொல்லைச் சிறு பலகையில் எழுதி அணி அணியாகக் கொடுத்து அனுப்புவார்கள்.

கம்ப்யூட்டருக்கு இந்த ஏற்பாடு வந்தது 1961 வாக்கில், அமெரிக்காவின் எம்ஐடியில். ஒரே எந்திரத்தைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்திய அமைப்பில், ஆளாளுக்கு ஒரு சொல் கொடுத்தவர் ஃபெர்னாண்டோ கார்பாட்டோ. மறு வருஷமே திருட்டும் வந்துவிட்டது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை. எல்லோருடைய கடவுச்சொல்லும் இருந்த கோப்பை அச்சடித்துத் தரும்படி எந்திரத்துக்கே கோரிக்கை கொடுத்தார், அதுவும் அடித்துக் கொடுத்துவிட்டது! இங்கே 1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்து, எந்தக் கடவுச்சீட்டு என்று குடும்பம் குடும்பமாக யோசித்துக்கொண்டிருந்த வருஷம் அது.

கடவுச்சொல்லுக்குப் போட்டியாக மறைச்சொல், நுழைவுச்சொல் என்றும் சிலர் எழுதுகிறார்கள். மறைச்சொல் அழகுதான், ரகசியம் என்பதை நேராகச் சொல்கிறது. இருந்தாலும் என் ஓட்டு கடவுச்சொல்லுக்கே. காரணம் அத்தையின் கணக்கில் கிடைத்தது.

அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றிவிட்டோம். வேறெங்கும் பயன்படுத்தாத, நீளமான, புதுச் சொல். அத்தை அதை ரேஷன் கார்டு உறைக்குள் இருந்த சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். பீரோவில் பூட்டி வைக்கும் நோட்டு, அதனால் நான் தடுக்கவில்லை. எல்லாம் முடிந்ததென்று காபி குடித்தோம். பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். பென்ஷன் அலுவலகத்துக் கடிதம் எதுவும் கண்ணில் படவில்லை.

கடவுச்சொல் வாசலில் கேட்கப்படும் சொல். தாண்டி உள்ளே போனவனிடம் காவலாள் திரும்பத் திரும்பக் கேட்பதில்லை. ஒருமுறை சரியாகச் சொன்னதும் தளம் நம் பிரவுசரில் ஒரு சிறு அடையாளத்தை வைத்துவிடும், அடுத்த நாள் கேட்காமலே திறப்பது அதனால்தான். வாசலில் சொல்லை மாற்றினால் புதிதாக வருகிறவன்தான் நிற்பான். முன்பே உள்ளே இருப்பவனைச் சில தளங்கள் தாமாகவே வெளியே தள்ளும், சிலவற்றில் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதை நாம்தான் அழுத்த வேண்டும். சொல் ரகசியமா இல்லையா என்று மட்டும் பார்க்கிற ‘மறைச்சொல்’லில் இந்த வித்தியாசம் தெரிவதில்லை, ‘கடவு’ அதைக் காட்டிக்கொடுக்கிறது.

அத்தை கணக்கில் சாதனப் பட்டியலைப் பார்த்தேன், அவர் போன் மட்டும்தான். மீட்பு எண்ணும் அவருடையதே. பிறகு, வரும் மடலை வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்பும் அமைப்பைத் திறந்தபோது கண்ணில் பட்டது. பென்ஷன் என்ற சொல்லின் பிரெஞ்சு வடிவம் உள்ள மடல் வந்தால் முன்பின் தெரியாத ஒரு முகவரிக்கு அனுப்பிவிட்டு, இங்கே குப்பைக்குத் தள்ளும்படி ஒரு வடிகட்டி. வந்தவன் உள்ளே தங்கவில்லை, சுவரில் ஓட்டை போட்டுவிட்டுப் போயிருக்கிறான். கடவுச்சொல்லை நூறு முறை மாற்றினாலும் அந்த ஓட்டை அப்படியே இருக்கும். வடிகட்டியை நீக்கி, குப்பையில் கிடந்த மூன்று கடிதங்களை மீட்டு, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கிற இருபடிச் சரிபார்ப்பையும் போட்டேன். வங்கிக் கணக்கில் எதுவும் போகவில்லை. போயிருந்தால் முதலில் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடித்திருப்போம்.

இந்த வேலையில் இன்னொரு சொல்லும் நினைவுக்கு வந்தது. லாக் இன் என்பதற்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் புகுபதிகை என்று போடுவார்கள், லாக் அவுட்டுக்கு விடுபதிகை. கேட்க முரடாக இருக்கிறதென்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். லாக் என்பது கப்பலின் பதிவேட்டில் இருந்து வந்த சொல். உள்ளே புகுந்ததைப் பதிவது புகுபதிகை. ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ வந்தான் என்று அத்தைக்குத் தெரிந்ததே அந்தப் பதிவால்தான். ‘உள்நுழைவு’ வழுவழுப்பாக இருக்கிறது, ஆனால் பதிவு அதில் இல்லை.

எழுதும்போது ‘கடவு சொல்’ என்று பிரித்து ஒற்றை விட்டுவிடுகிறார்கள். கடவுச்சொல் என்று சேர்த்து, ச் போட்டு எழுத வேண்டும். பேச்சில் பாஸ்வேர்டு என்றே சொல்லிக்கொள்ளலாம், யாரும் அடிக்க வரமாட்டார்கள். அத்தை இன்னும் மோ த பாஸ் என்றுதான் சொல்கிறார். போன வாரம் நோட்டை எடுத்து வரச் சொல்லிப் பார்த்தேன். புதுச் சொல்லுக்கு மேலே, தமிழில், ‘கடவுள் சொல்’ என்று தலைப்புப் போட்டு வைத்திருக்கிறார்.