கல்வெட்டைப் 'புதுப்பிக்க' வேண்டாம், ஆசிரியர்களே!

மறுபடியும் ஒரு புகைப்படம் வந்திருக்கிறது. ஏரிக்கரையில் ஒரு தூம்புக்கல் (ஏரித்தண்ணீரைத் திறந்துவிடும் மதகின் கல்), அதைச் சுற்றிச் சீருடையில் பிள்ளைகள். கையில் கம்பி பிரஷ், முகமெல்லாம் சிரிப்பு. கல்லில் இருக்கும் ஒவ்வோர் எழுத்துக்கும் மஞ்சள் எனாமல் பெயிண்ட். "பாரம்பரிய வாரத்தை முன்னிட்டு எங்கள் மாணவர்கள் பழமையான கல்வெட்டைப் புதுப்பித்தனர்" என்று கீழே ஒரு வரி. அனுப்பிய ஆசிரியர் பாராட்டை எதிர்பார்த்திருப்பார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது.

ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய நாள், நவம்பர் 19 முதல் 25 வரை பாரம்பரிய வாரம். இந்தத் தேதிகள் நெருங்கினாலே கல்வெட்டு எழுத்துகளைத் தாளில் மையொற்றிப் படியெடுக்கும் எங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பிள்ளைகளின் ஆர்வத்தில் குறையே இல்லை. அதை எந்தப் பக்கம் திருப்பிவிடுகிறோம் என்பதில்தான் கோளாறு.

சுத்தம் செய்வது வேறு, பாதுகாப்பது வேறு. எத்தனை பயிற்சி முகாமில் சொன்னாலும் இது ஏறுவதில்லை. "அழுக்கா இருந்துச்சு சார், பளிச்சுன்னு ஆக்கினோம்" என்கிறார்கள். வெயிலிலும் மழையிலும் ஆயிரம் ஆண்டு கிடந்த கல்லில், எழுத்தின் ஆழம் சில இடங்களில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் மிஞ்சியிருக்கும். கம்பி பிரஷ் அதைத்தான் சுரண்டுகிறது. "நீங்கள் மட்டும் பிரஷால் அடிக்கிறீர்களே?" என்று ஒருவர் மடக்கினார். நாங்கள் அடிப்பது நனைத்த தாளின் மேல். பிரஷ் மென்மயிர் பிரஷ். மை தாளில் ஒற்றுகிறதே தவிர, கல்லைத் தொடுவதில்லை. அதையும் பழகியவர் மேற்பார்வை இல்லாமல் யாரையும் செய்ய விடமாட்டோம்.

பெயிண்ட் அதைவிட மோசம். பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். தேய்ந்த இடத்தில் அது பகரமா வகரமா என்று நாங்களே மணிக்கணக்கில் விளக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்போம். பெயிண்ட் டப்பாவோடு வருபவருக்கு அந்தத் தயக்கம் ஏது? தனக்குத் தோன்றியபடி கோடு இழுத்துவிடுகிறார். அதற்குப் பிறகு வருபவர்கள் சிற்பி வெட்டியதை விட்டுவிட்டு அவர் வாசித்ததைத்தான் வாசிக்க வேண்டும். எண்களின் கதி இன்னும் பரிதாபம். பழைய முறையில் ஒன்றுக்குக் ககரம், ஏழுக்கு எகரம், எட்டுக்கு அகரம் என்று எண்களும் எழுத்து வடிவில்தான் இருக்கும். ஒரு வளைவு மாறினால் மன்னனின் ஆட்சியாண்டே மாறிவிடும்.

ஏற்கெனவே அடித்துவிட்டீர்களா? தின்னர் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். அப்படியே விட்டுவிட்டு மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கோ அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கோ தெரிவியுங்கள். சாக்பீஸ், கோலமாவு, விபூதி தேய்த்துப் படமெடுக்கும் பழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள். மாலை வெயில் சாய்வாக விழும்போது போனில் எடுத்தாலே எழுத்து எழும்பி நிற்கும். இருட்டான இடம் என்றால் ஒரு மாணவர் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்கட்டும்.

அடுத்த எரிச்சல், பள்ளி வரவேற்பறையில் இருக்கும் கண்ணாடி அலமாரி. மேட்டுக்காட்டில் பொறுக்கிய கருப்பு-சிவப்புப் பானை ஓடுகள் உள்ளே பளபளவென்று அடுக்கியிருக்கும். எந்தக் காடு, எந்தப் பக்கம், தரைமேல் கிடந்ததா, கிணறு வெட்டிய மண்ணிலிருந்து வந்ததா என்று கேட்டால் பதில் இருக்காது. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரி மாதிரியைத்தான் கி.மு. 580 என்று காலம் கணித்தார்கள். அந்த ஆழம் பதிவாகாமல் போயிருந்தால் அது வெறும் கரித்துண்டு. மண்ணிலிருந்து பெயர்த்தெடுத்த ஓடு, கிழித்தெடுத்த நாட்குறிப்புப் பக்கம் மாதிரி. யாருடையது, என்றைக்கு எழுதியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. பிள்ளைகளைத் தோண்ட விடவே விடாதீர்கள். தற்செயலாகக் காசோ சிலையோ வெளிப்பட்டால் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ அன்றே சொல்லுங்கள். புதையல் சட்டம் 1878-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். "பள்ளி மியூசியத்துக்காக வைத்திருந்தோம் சார்" என்பது அங்கே எடுபடாது. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். பாறையில் காம்பஸ் முனையால் பெயர் கீறும் நண்பர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

வேட்டி, பாவாடை தாவணி அணிந்து வந்து உறியடிக்கும் 'பாரம்பரிய தினம்' பற்றி எனக்குப் பெரிய சண்டை இல்லை. சந்தோஷமாக இருக்கட்டும். மறுநாளும் ஏதாவது நடக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

நடத்திக் காட்டிய பள்ளிகள் உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்ற மாணவர்கள் கல்வெட்டு வாசிக்கக் கற்றுக்கொண்டு, தங்கள் ஊர்களைச் சுற்றித் தேடிப் பதிவு செய்தவர்கள். அதற்குப் பெரிய செலவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குச் சோழர் கால எழுத்தை அறிமுகப்படுத்திப் பாருங்கள். கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் மங்கலச் சொல்லான "ஸ்வஸ்தி ஸ்ரீ" பிடிபட்டதும் "திருமகள் போல" என்று ராஜராஜனின் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியைத் தானே எழுத்துக்கூட்டத் தொடங்கும். குழி, மா, வேலி, கலம், நாழி என்று அளவுகள் வந்ததும் கணக்கு வாத்தியாரையும் இழுத்துக்கொள்ளலாம். தர்மத்தைக் கெடுப்பவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்ற சாபவரிக்கு வந்தால் வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். அதற்கப்புறம் அந்தக் கல்லின் மேல் யாரும் துணி துவைக்க மாட்டார்கள்.

கல்வெட்டே இல்லாத ஊர் என்றால்? வயல்களின் பெயர்களைக் கேட்டுவரச் சொல்லுங்கள். பட்டாவில் வெறும் சர்வே எண்தான் இருக்கும். தாத்தா பாட்டியிடம் மட்டும்தான் அந்தப் பெயர்கள் மிச்சம். மடை, கலிங்கு, மேடு, குட்டை எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. பழைய கல்வெட்டில் வரும் எல்லையை அடையாளம் காண, நான் நூலகத்தைவிட அதிகம் நம்பியிருப்பது ஆடு மேய்ப்பவர்களைத்தான். இந்த வேலையை வெளியூர் ஆய்வாளரைவிட அந்த ஊர்ப் பேத்தி நன்றாகச் செய்வாள்.

தெரிந்த ஊர் தன்னைக் காத்துக்கொள்ளும். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் தமிழி எனும் பழந்தமிழ் எழுத்து இருக்கிறது, குடைவரைக் கோயில் இருக்கிறது, 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. டங்ஸ்டன் சுரங்கம் வரும் என்றபோது சுற்றுவட்டாரமே திரண்டது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. மலையில் என்ன இருக்கிறது என்று ஊராருக்குத் தெரிந்திருந்ததால்தான் அவர்களால் உரக்கப் பேச முடிந்தது.

இறந்துபட்ட வீரர்களுக்காக நட்ட நடுகல்லைத் தேடிப் போகிறவர்கள் கவனியுங்கள். தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கங்களில் அது வேடியப்பனாகக் கும்பிடும் சாமி. செருப்பைக் கழற்றுங்கள், பூசாரியிடம் கேளுங்கள், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க முனையாதீர்கள். புதிதாக எதையாவது கண்டால் உடனே இன்ஸ்டாகிராமில் லொகேஷனோடு போடாதீர்கள். மறுவாரம் புதையல் தேடும் கும்பல் கடப்பாரையோடு வந்துவிடும். ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதையும் அலுவலர்கள் வந்து பார்த்த பிறகு.

பிள்ளைகள் கையில் டேப், அளவுகோல், நோட்டு, போன் இருந்தால் போதும். கல்லின் உயரம், அகலம், எந்தத் திசை பார்க்கிறது, யாருடைய நிலம், சர்வே எண், அளவுகோலை ஒட்டி வைத்து நான்கு பக்கமும் படம், பார்த்த தேதி. ஒரு பிரதி பள்ளியில், ஒன்று ஊராட்சி அலுவலகத்தில், ஒன்று மாவட்ட அருங்காட்சியகத்தில். சாலையை அகலப்படுத்த ஜேசிபி வந்து நிற்கும்போது, "இங்கே கல்லே இல்லையே" என்பார் ஒப்பந்ததாரர். அன்றைக்கு எங்களிடம் காட்டுவதற்கு இருப்பது அந்த நோட்டின் நகல் மட்டும்தான்.