ஸ்டாண்ட் வாங்கும் முன் பைக்குக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள்

ஓடும்போது விழுந்த பைக் பட்டறைக்கு வந்தால் நான் அதிகம் கேள்வி கேட்பதில்லை, சாலை என்றால் ஆயிரம் இருக்கும். நின்ற இடத்திலேயே சாய்ந்து, வலது பக்க ஃபேரிங் (பைக்கை மூடியிருக்கும் வெளித்தகடு) விரிசல் விட்டு, பிரேக் லீவர் வளைந்து வருகிற பைக்கைப் பார்த்தால்தான் வாய் சும்மா இருக்காது. பேடாக் ஸ்டாண்டில், அதாவது சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துகிற தனி ஸ்டாண்டில் போட்டீங்களா? பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும், அதுவும் கொஞ்சம் தயங்கித் தயங்கி. செயினைத் துடைக்கத் தூக்கியிருப்பார், இல்லை என்றால் இரண்டு மாதம் ஓட்டப் போவதில்லை, டயர் ஒரே இடத்தில் அழுந்தக் கூடாது என்று தூக்கியிருப்பார். நல்ல எண்ணம்தான். ஸ்போர்ட் பைக்கில் சென்டர் ஸ்டாண்ட் கிடையாது, வளைவில் படுத்து ஓட்டும்போது அது தரையில் உரசும், எடையும் கூடும் என்று கம்பெனிக்காரர்கள் வைப்பதே இல்லை. அதனால் இந்தத் தனி ஸ்டாண்ட் இல்லாமல் செயின் வேலை, சக்கர வேலை எதுவும் நிம்மதியாக நடக்காது.

எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, எத்தனை கிலோ தாங்கும் என்பது. கேட்க வேண்டியதுதான், ஆனால் அதை முதலில் கேட்க வேண்டாம். 1000 சிசி எஞ்சின் உள்ள லிட்டர் பைக் கிட்டத்தட்ட 200 கிலோ, பெரிய உடம்பு என்று பேர் வாங்கிய ஹயபுசா 264 கிலோ. பின் சக்கரத்தைத் தூக்குகிற பின் ஸ்டாண்டின் மேல் அதில் ஏறக்குறைய பாதிதான் இறங்குகிறது, மீதி முன் டயரில் நிற்கிறது. உருப்படியாகச் செய்த எந்த ஸ்டாண்டும் அந்தப் பாதியைத் தாங்கும். எடை தாங்காமல் ஸ்டாண்ட் உடைந்து விழுந்த பைக் என்று நான் பார்த்தது அபூர்வம். பைக்குக்குப் பொருந்தாத ஸ்டாண்ட், தூக்கும்போதோ இறக்கும்போதோ நடந்த அவசரம், இந்த இரண்டில் ஒன்றுதான் எப்போதும் காரணமாக இருக்கும். ஆகவே கடைக்குப் போகும் முன் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு உங்கள் பைக்கின் அடியில் குனியுங்கள். பார்க்க வேண்டிய இடங்கள் மூன்றே மூன்று.

முதலில் பின்பக்கம், பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மின் இரண்டு கைகளிலும், ஆக்ஸிலுக்கு (சக்கரத்தின் அச்சுக்கு) கொஞ்சம் முன்னாலோ அடியிலோ மரை வெட்டிய துளை இருக்கிறதா என்று பாருங்கள். சில பைக்குகளில் அதை ரப்பர் மூடியோ சின்ன போல்ட்டோ போட்டு அடைத்திருப்பார்கள். அந்தத் துளையில்தான் ஸ்பூல் மாட்டும், நூல்கண்டு மாதிரி நடுவில் பள்ளம் விழுந்த உருளை. ஸ்டாண்டின் வி வடிவக் கொக்கி அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டால் பைக் முன்னே பின்னே, இடம் வலம் எங்கேயும் வழுக்காது. உங்கள் பைக்கில் துளை இருந்தால் ஸ்பூல் வகை ஸ்டாண்டைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

ஆனால் துளையின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். யமஹாவின் ஆர் வரிசையில் பொதுவாக 6 மி.மீ., ஹோண்டாவிலும் சுசுகியிலும் பொதுவாக 8, கவாசாகியில் 8-ம் உண்டு 10-ம் உண்டு. இதோடு முடிந்தால் பரவாயில்லை, 10 மி.மீ. போல்ட்டில் மரைகளுக்கு நடுவிலான இடைவெளி 1.25 ஆகவும் இருக்கும், 1.5 ஆகவும் இருக்கும். ஒருவர் தவறான ஜோடியை வாங்கி மாட்டிவிட்டு வந்தார். இரண்டு சுற்று விரலிலேயே ஏறியிருக்கிறது, அப்புறம் இறுகியிருக்கிறது, புதுசு அப்படித்தான் இருக்கும் என்று ஸ்பேனரைப் போட்டுத் திருகிவிட்டார். நான் அதைக் கழற்றியபோது போல்ட்டின் மரையில் வெள்ளிச் சுருள் மாதிரி அலுமினியம் சுற்றிக்கொண்டு வந்தது. அது ஸ்விங் ஆர்மின் மரை. போல்ட் கெட்டால் வேறு போல்ட் வாங்கலாம், ஸ்விங் ஆர்மின் மரை போனால் துளையைப் பெரிதாக்கி ஹெலிகாயில் என்கிற கம்பிச்சுருள் மரையைப் போட்டுத்தான் மீட்க வேண்டும். எனவே ஸ்பூல் போல்ட் கடைசி வரை விரலாலேயே ஏற வேண்டும், அப்படி ஏறாவிட்டால் அது உங்கள் போல்ட் இல்லை. இறுக்குவதும் அளவாக, அதிலும் 6 மி.மீ. என்றால் மணிக்கட்டு பலமே போதும், நீளமான ஸ்பேனரைக் கையில் எடுக்காதீர்கள். ஸ்பூலோடு வருகிற போல்ட் சில நேரம் தேவைக்கு மேல் நீளமாக இருந்து துளையின் அடியைப் போய் முட்டும், இறுகின மாதிரி தெரியும், ஸ்பூல் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

துளையே இல்லாத பைக் என்றால் எல் வடிவ ரப்பர் தாங்கிகள்தான் வழி. ஸ்விங் ஆர்மை அடியிலிருந்து ஏந்தும். வேலை நடக்கும், பழகிய கைக்குத் தொந்தரவு இல்லை, ஆனால் அங்கே பைக்கைப் பிடித்து வைப்பது ரப்பரின் உராய்வு மட்டும்தான். ரப்பரில் செயின் எண்ணெய் படிந்துவிட்டால் அந்த உராய்வும் போச்சு. ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டுத் தூக்குங்கள், தாங்கி பிரேக் ஹோஸையோ ஏபிஎஸ் ஒயரையோ நசுக்காத இடத்தில் படுகிறதா என்றும் பாருங்கள்.

பின் சக்கரத்தை ஒரே கையில் பிடித்திருக்கும் பைக்குகளுக்கு இதெல்லாம் உதவாது. டுகாட்டியின் பல மாடல்கள், எம்வி அகுஸ்டா எஃப்4 போன்றவை இந்த ரகம். ஆக்ஸிலின் உள்ளே இருக்கும் ஓட்டையில் முளை நுழைத்துத் தூக்குகிற ஸ்டாண்ட் வேண்டும், முளையின் விட்டமும் அது எந்தப் பக்கத்திலிருந்து நுழைய வேண்டும் என்பதும் மாடலைப் பொறுத்தது. மாடல் பெயரை மட்டும் நம்பி வாங்கினாலும் ஏமாறுவீர்கள். பனிகாலே வி4 ஒற்றைக் கையோடுதான் வந்தது, 2025 மாடலில் அதையே இரட்டைக் கையாக மாற்றிவிட்டார்கள். பெயர் அதேதான், பழைய ஸ்டாண்ட் புதியதற்கு ஆகாது.

இப்போது முன்பக்கம். இங்கேதான் பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று இரண்டு தடவை வாங்குகிறார்கள். முன் ஸ்டாண்டில் இரண்டு வகை. ஒன்று ஃபோர்க்கின், அதாவது முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் குழாய்களின், அடிப்பாகத்தைக் கீழிருந்து ஏந்தித் தூக்குவது. இன்னொன்று ஹெட்லிஃப்ட், இரண்டு ஃபோர்க்கையும் சேர்த்துப் பிடிக்கும் கீழ்க் கிளாம்பின் நடுவில், ஸ்டீயரிங் ஸ்டெம்மின் அடியில் இருக்கும் துளைக்குள் ஒரு இரும்பு முளையை நுழைத்துத் தூக்குவது. முதல் வகை மலிவு, எந்த பைக்குக்கும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும், முன் சக்கரத்தைக் கழற்றவும் முடியும். ஆனால் எடை முழுக்க ஃபோர்க்கின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் ஃபோர்க்கைக் கழற்ற முடியாது. ஃபோர்க்கின் ஆயில் சீல் மாற்ற வேண்டிய நாள் வரும், அன்றைக்கு அந்த ஸ்டாண்ட் ஓரத்தில் நிற்கும். ஹெட்லிஃப்ட்டில் ஃபோர்க் சுமை இல்லாமல் தொங்கும், சக்கரம், காலிப்பர், ஃபோர்க் எல்லாமே கழற்றலாம். சொந்தமாக வேலை செய்கிற ஆசை உள்ளவர்கள் ஹெட்லிஃப்ட்டே வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அதற்கு நீங்கள் பார்க்க வேண்டிய இரண்டாவது இடம் அந்த ஸ்டெம் துளை. தலையைத் தரையோடு வைத்து மட்கார்டுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மேலே பாருங்கள். துளை இருக்கும், ஆனால் அதன் வாயில் ஹார்னோ பிரேக் ஹோஸ் பிரியும் கட்டையோ மறைத்துக்கொண்டு நிற்கலாம். துளையின் விட்டத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்துகொள்ளுங்கள், பைக்குக்கு பைக் இது ரொம்பவே மாறும், அதனால்தான் ஹெட்லிஃப்ட்டோடு நாலைந்து முளைகள் சேர்ந்து வருகின்றன. சிறியதாக இருந்தாலும் நுழைகிறதே என்று மெல்லிய முளையைப் போடாதீர்கள். துளைக்குள் அது சாய்ந்து உட்காரும், பைக்கும் அதோடு சாயும்.

மூன்றாவது இடம் பைக்கில் இல்லை, நீங்கள் நிறுத்துகிற தரை. வழுவழுப்பான டைல்ஸில் ஸ்டாண்டின் சக்கரம் நழுவும், வெயிலில் இளகிய தாரில் புதையும், மண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சரிவும் ஆகாது. பின் ஸ்டாண்டில் நிற்கிற பைக்கை முன்னால் தள்ளினால் ஸ்டாண்ட் உருண்டு பைக் இறங்கிவிடும், சரிவு அந்தத் தள்ளும் வேலையைத் தானே செய்துவிடும். தூக்கி முடித்த கையோடு முன் பிரேக் லீவரை ஒரு பட்டையால் கட்டிவிடுவது என் வழக்கம்.

ஸ்டாண்டைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது பெயின்ட் பளபளப்பைப் பார்க்காமல் வெல்டிங்கைப் பாருங்கள். குழாயைச் சுற்றி முழுதாக ஓடியிருக்க வேண்டும், அங்கங்கே பொட்டு வைத்த மாதிரி இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். அகலம் மாற்றுகிற கைகள் உள்ள ஸ்டாண்டில் இறுக்கிய பிறகும் கை சுழல்கிறதா என்று முறுக்கிப் பாருங்கள், மலிவானவற்றில் அங்கேதான் கோளாறு. அடிப்பாகம் அகலமாக இருப்பது, உயரமாக இருப்பதைவிட நல்லது.

சரி, தூக்குவோம். எப்போதும் முதலில் பின்பக்கம், அப்புறம்தான் முன்பக்கம். இறக்கும்போது நேர் எதிர், முன்பக்கம் முதலில். முன் ஸ்டாண்ட் தனியாகப் பைக்கை நிமிர்த்தி வைக்காது. ஹெட்லிஃப்ட்டில் பைக் ஒற்றை முளையின் மேல் நிற்கிறது, பக்கவாட்டில் சாயாமல் பிடித்திருப்பது முழுக்கப் பின் ஸ்டாண்ட்தான். இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பைக்கை இரண்டு ஸ்டாண்டிலும் ஏற்றி முன் சக்கரத்தை மாட்டி முடித்திருந்தேன். பக்கத்து பைக்குக்குப் பின் ஸ்டாண்ட் வேண்டும், எடுத்துக்கவா அண்ணே என்று கூட இருந்த தம்பி கேட்டான், நானும் வேலை நினைப்பில் எடுத்துக்கோடா என்று சொல்லிவிட்டேன். பின் டயர் தரையைத் தொட்டது. முன்பக்கம் உயரத்திலேயே இருந்ததால் சைடு ஸ்டாண்ட் தரைக்கு எட்டாமல் அந்தரத்தில் நின்றது. ஒரு நொடி ஒன்றும் ஆகவில்லை, அப்புறம் பைக் எனக்கு எதிர்ப்பக்கமாக மெதுவாகச் சாய ஆரம்பித்தது. வால்பகுதியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கத்தவும் முடியாமல் நின்றேன். அவன் ஓடி வந்து மறுபக்கம் தோள் கொடுத்தான். பைக் தப்பியது. ஸ்டெம் துளையின் விளிம்பில் அந்த முளை போட்ட கீறலை மட்டும் மறைக்க முடியவில்லை, பைக்காரரிடம் சொல்லித்தான் கொடுத்தேன்.

தனியாகத் தூக்குபவர்கள் பைக்கின் இடது பக்கம் நின்று, இடது கையால் சீட்டின் ஓரத்தைப் பிடித்து நிமிர்த்துங்கள், வலது கை ஸ்டாண்டின் பிடியில். சைடு ஸ்டாண்ட் விரிந்தே இருக்கட்டும். இரண்டு கொக்கியும் இரண்டு ஸ்பூலின் பள்ளத்திலும் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே பிடியை அழுத்துங்கள், அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் என்று நம்பி அழுத்தினால்தான் வலது பக்க ஃபேரிங் உடைகிறது. முதல் சில தடவை மறுபக்கம் ஒருவர் நிற்கட்டும், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மேலே ஏறிய பிறகு செய்யக் கூடாதவை சில உண்டு. ஆக்ஸில் நட்டை முதலில் தளர்த்துவதைத் தரையிலேயே முடித்துவிடுங்கள், பல ஸ்போர்ட் பைக்குகளில் அது 100 நியூட்டன் மீட்டருக்குக் குறையாமல் இறுகியிருக்கும், அந்த ஒற்றைக் கை டுகாட்டிகள் சிலவற்றில் 230. ஸ்டாண்டின் மேல் நிற்கிற பைக்கில் அவ்வளவு பலம் போட்டு ஸ்பேனரை இழுத்தால் நட்டுக்கு முன்னால் பைக் வந்துவிடும். ஸ்விங் ஆர்மைத் தூக்குகிற ஸ்டாண்டில் வைத்துக்கொண்டு பின் ஷாக் அப்சார்பரைக் கழற்றவே கூடாது, பைக்கின் எடையை ஸ்விங் ஆர்முக்கு இறக்கிக்கொடுப்பதே அந்த ஷாக்தான், அதை எடுத்த மறுநொடி பின்பக்கம் அப்படியே உட்காரும். அதற்கு ஃபிரேமைப் பிடித்துத் தூக்குகிற ஸ்டாண்ட் தனியாக இருக்கிறது.

எல்லாவற்றையும்விட என்னைப் பதற வைப்பது, எஞ்சினைப் போட்டு, கியரில் விட்டு, சக்கரத்தை ஓடவிட்டுச் செயினைத் துடைப்பது. சுலபமாக இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டே காட்டுகிறார்கள். செயின் துணியின் நூல் ஒன்றைப் பிடித்தால் போதும், துணி போகும், அதைப் பிடித்திருக்கிற விரல் ஸ்ப்ராக்கெட்டுக்கும் செயினுக்கும் நடுவில் போகும். ஐடிலிங்கில் சுற்றுகிற சக்கரம்கூட விரலுக்காக நிற்காது. சாவியை எடுத்து சட்டைப் பையில் போடுங்கள், நியூட்ரலில் வையுங்கள், சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சுற்றும்போதும் துணி பிடித்த இடத்தில் செயின் ஸ்ப்ராக்கெட்டை விட்டு விலகிப் போகிற திசையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான்.

வேலை முடிந்து இறக்கும் முன், பிரேக் பட்டையை அவிழ்த்த பிறகு, சைடு ஸ்டாண்ட் முழுதாக விரிந்திருக்கிறதா என்று காலால் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். வேலைக்கு இடைஞ்சல் என்று நடுவில் மடக்கியிருப்பீர்கள், அது நினைவிருக்காது. பின் ஸ்டாண்டின் பிடி மேலே வர வர, பைக்கின் எடை உங்கள் இடது கைக்கு வரும்.